ஐம்பத்திரண்டு விநாடி

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் கற்கள் எழுந்து சோம்பல் முறித்தன. கற்கள் என்றால் மனிதர்கள்தான். சாய்வளவை நிலையத்தில் அவர்களுக்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒப்பீட்டுப் பார்வையாளர். அதை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். தராசில் வைக்கிற படிக்கல்லை நினைத்து யாரோ ஒருநாள் கல் என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது.

மொத்தம் நாற்பது பேர். ஒவ்வொரு ஜனவரியிலும் ஊர் ஊராகத் தேடிப் பிடித்துக் கொண்டுவருவார்கள். நாற்பது பேரின் கருத்தையும் கூட்டிச் சராசரி பார்த்தால், அது அந்த ஆண்டு மாநிலத்து ஜனங்களின் சராசரிக் கருத்தாக இருக்க வேண்டும். அதுதான் நடு. பிறகு ஓராண்டு முழுக்க விடுதி வாசம். செய்தி பார்க்கக் கூடாது, கைப்பேசி கிடையாது, அந்த ஆண்டு தேர்தல் வந்தால் ஓட்டும் கிடையாது. மூன்று வேளையும் நல்ல சாப்பாடு. மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருக்கும். மனம் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்பதை அது எண்ணாகச் சொல்லிவிடும். மனிதர்களைப் பற்றி இவ்வளவு சுருக்கமாகப் பேசுகிற பொருளை அதற்கு முன் யாரும் செய்ததில்லை.

மங்கையர்க்கரசி அங்கே தலைமை அளவையாளர். அலுவலகத்தில் அரசி. நிலையம் தொடங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு வருடமாக இருக்கிறாள். தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பிருந்து எந்த அரசியல் ஆவணப்படமும் அவள் கையெழுத்து இல்லாமல் திரைக்குப் போக முடியாது. சாய்வு முப்பதுக்கு மேல் போனால் தேர்தல் முடியும்வரை படம் பெட்டிக்குள்தான். கட்சிக்காரர்கள் அவளை மிரட்டிப் பார்த்திருக்கிறார்கள், கும்பிட்டும் பார்த்திருக்கிறார்கள். இரண்டுக்கும் அசையாதவள் என்று பெயர் வாங்கியிருந்தாள். அந்தப் பெயரில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"முப்பத்தெட்டு" என்றாள் அரசி.

எதிரே உட்கார்ந்திருந்த ஜெபராணிக்கு முகம் வாடிவிட்டது. முப்பத்து நான்கு வயதுக்காரி. கொம்பனூர் ஏரிக்கரை உடைந்த கதையை மூன்று வருடம் அலைந்து படமாக எடுத்திருந்தாள்.

"எப்படி மேடம் முப்பத்தெட்டு? பின்னணி இசை கூட வைக்கலையே நான்."

"படத்தை இருபது பேர் பார்த்தாங்க. மீதி இருபது பேருக்குப் படத்தைக் காட்டலை. படத்துல இருக்கற வார்த்தையை மட்டும் எடுத்து, ஏற்ற இறக்கம் இல்லாம மெஷின் குரல்ல வாசிச்சோம். வெறும் வாசகம். அதைக் கேட்டவங்க இருபத்திமூணு நகர்ந்தாங்க. அது உங்க சான்று, உங்க வாதம். அதுல எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லை. படம் பார்த்தவங்க அறுபத்தொண்ணு நகர்ந்தாங்க. நடுவுல இருக்கற முப்பத்தெட்டு வார்த்தையால வரலை. காட்சியால, வெட்டு ஒட்டால வந்தது. அதைத்தான் சாய்வுன்னு சொல்றோம்."

"எந்த இடத்துல?"

அரசி திரையைத் திருப்பிக் காட்டினாள். கோடு ஒரே இடத்தில் செங்குத்தாக ஏறியிருந்தது. எந்த இடம் என்று ஜெபராணிக்குப் பார்க்காமலே தெரியும்.

கொம்பனூரில் பதினோரு பேர் செத்துப் போனார்கள். புதிதாகக் கட்டிய கரை. கட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனாலும் குற்றம் கரைமேல் விழவில்லை. மதகுக்குக் காவல் இருந்த சுடலையாண்டி குடித்துவிட்டுத் தூங்கிவிட்டார், ஷட்டரைத் திறக்கவில்லை, தண்ணீர் ஏறிக் கரை போய்விட்டது என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அவரும் அந்தத் தண்ணீரில்தான் போனார். அரசாங்கம் ஊரில் நினைவுக் கல்வெட்டு வைத்தது. அதில் பத்துப் பெயர்தான் இருக்கிறது.

படத்தில் அவர் மனைவி முத்துப்பேச்சி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள். ஷட்டர் சாவி அன்றைக்கு உன் புருஷன் கையில்தானே இருந்தது என்று கேட்கிறார்கள். அவள் கை நின்றுவிடுகிறது. பதில் இல்லை. ஒரு கோழி குறுக்கே போகிறது. அவள் தரையையே பார்க்கிறாள். ஐம்பத்திரண்டு விநாடி. பிறகு நிமிர்ந்து, "சாவிய முந்தின மாசமே வாங்கிட்டுப் போயிட்டாவ" என்கிறாள். அவ்வளவுதான். மறுபடியும் கீரையை எடுத்துக்கொள்கிறாள்.

வேலை நிமித்தமாக அரசி அதை மூன்று தடவை பார்த்திருந்தாள். மூன்று தடவையும் தொண்டை அடைத்தது. அளவையாளருக்குத் தொண்டை அடைக்கக் கூடாது என்பதால் மூன்று தடவையும் தண்ணீர் குடித்தாள்.

"அந்த மௌனத்தை எடுத்துட்டா இருபத்திநாலுக்கு வந்துடும். கேள்வி, உடனே பதில். நாளைக்கே கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"அத எடுத்தா அவ பொய் சொன்ன மாதிரி ஆயிரும் மேடம். பட்டுனு பதில் சொன்னா யாரு நம்புவா? யாரோ சொல்லிக்குடுத்ததச் சொல்லுதான்னுதான் நெனைப்பாவ. உங்க வாசகத்தக் கேட்டவங்க அவள நம்பினாங்களா?"

"இல்லை."

"பாத்தவங்க?"

"நம்பினாங்க. இருபது பேர்ல பதினெட்டு பேர்."

"அப்ப அந்த மௌனம்தான மேடம் சாட்சி? கோர்ட்டுல மட்டும் ஜட்ஜு சாட்சியோட மூஞ்சியப் பாக்காமலா தீர்ப்பு எழுதுதாரு?"

கேள்வி நியாயமானதுதான், படிவத்தில் அதற்கு இடம் இல்லை. வேறு ஆதாரம் உண்டா என்று கேட்டாள் அரசி. அதிகாரிகள் சாவி வாங்கிய பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு, கோப்பைக் கரையான் அரித்துவிட்டது என்று பதில் வந்ததாம். அந்தக் கடிதம் படத்திலேயே இருந்தது.

ஜெபராணி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போனவள் நின்றாள்.

"போன மாசம் ஆளுங்கட்சி 'பத்தாண்டுப் பயணம்'னு ஒண்ணு எடுத்தாங்களே. அதுலயும் கொம்பனூர் வருது. ஒரு தனிமனிதரின் கவனக்குறைவுன்னு அரை நிமிசம் சொல்லுவாவ. அதுக்கு எத்தன போட்டீங்க?"

"ரெண்டு."

"ஒருத்தர் பேரக் கெடுத்ததுக்கு ரெண்டா?"

"யாரும் நகரலை. ஏற்கெனவே எல்லாரும் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தாங்க. நகராதவங்களை நகர்த்தினதா எப்படிப் போடறது?"

ஜெபராணி கதவைச் சாத்தாமல் போனாள். எழுந்து போய் அரசியே சாத்தினாள். இரண்டு என்று போட்டு அவள்தான் கையெழுத்து வைத்திருந்தாள். அப்போது ஒன்றும் உறுத்தவில்லை. இப்போது உறுத்தியது.

மறுநாள் காலையில் அவள் நேரே கருவி அறைக்குப் போனாள். கோதண்டம் அங்கே இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். கருவிக்குப் பொறுப்பாளர். அவளோடு அதே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்.

"என்னம்மா அரசி, மூஞ்சி ஏன் இப்டி இருக்கு? அந்த ஏரிப் பொண்ணு திட்டிட்டுப் போச்சா?"

"பழைய கல் எல்லாம் மெஷின்ல இருக்குல்ல?"

இருந்தது. ஒவ்வோர் ஆண்டின் நாற்பது பேரும் எதற்கு எப்படி அசைந்தார்கள் என்பதைக் கருவி மனப்பாடம் செய்து வைத்திருக்கும். புதுப் படத்தைக் கொடுத்தால், அந்தப் பழைய நாற்பது பேர் பார்த்திருந்தால் எவ்வளவு நகர்ந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். சான்றிதழ் படிவத்தில் 'அளவைக் கல் எண்' என்று ஒரு கட்டம் உண்டு. அங்கீகாரம் பெற்ற எந்தக் கல்லையும் தலைமை அளவையாளர் எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. எல்லோரும் நடப்பு ஆண்டையே எழுதிப் பழகிவிட்டதால், அப்படி ஒரு விதி இருப்பதே மறந்துபோயிருந்தது.

"ஒவ்வொரு ஜனவரிக்கும் நடுவை ஜனங்க எங்க நிக்கறாங்களோ அங்க கொண்டுபோய் வைக்கறோம்" என்றாள் அரசி. "ஒரே மாதிரிப் படத்தைப் பத்து வருஷமா திருப்பித் திருப்பிப் போட்டு ஜனங்களைத் தள்ளிட்டுப் போனா, நடுவும் கூடவே போகுது. தள்ளினவனுக்கு ரெண்டு. திருப்பி இழுக்கறவளுக்கு முப்பத்தெட்டு. இது என்ன தராசு?"

"சரி, எந்தக் கல்லு வேணும் உனக்கு?"

"முதல் கல்."

கோதண்டம் இட்லியை மூடி வைத்துவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு இரண்டு படத்தையும் ஏற்றினார். அரை மணியில் எண் வந்தது. கொம்பனூர்ப் படம் பதினொன்று. பத்தாண்டுப் பயணம் நாற்பத்தொன்று.

பன்னிரண்டு வருட வேலையில் இப்படி ஒரு சந்தோஷம் அரசிக்கு வந்ததில்லை. இரண்டு சான்றிதழையும் திருத்திவிடலாம். சட்டம் இடம் கொடுக்கிறது. பொய்ப் படம் பெட்டிக்குள் போகும், முத்துப்பேச்சி திரைக்கு வருவாள். ஒரு எண்ணை மாற்றி எழுதினால் போதும்.

"முதல் கல்லோட அங்கீகார எண் வேணும், கோப்பை எடுங்க" என்றாள்.

"வேணாமே."

"ஏன்?"

"உனக்கு நெஜமாவே ஞாபகம் இல்லையா, இல்ல நடிக்கறியா?" என்று கேட்டுவிட்டு, அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து தூசு தட்டி எடுத்துக் கொடுத்தார்.

கோப்பில் ஒரு புகைப்படம் இருந்தது. திறப்பு விழா நாள். அமைச்சர் ரிப்பன் வெட்டுகிறார். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏழு பேர் மணிக்கட்டில் பட்டையோடு இளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒல்லியாக, எண்ணெய் வழியும் தலையோடு அரசி.

"வரவேண்டிய நாப்பது பேரும் வரலை. பஸ் ஸ்டிரைக்கு" என்றார் கோதண்டம். "மந்திரி வந்து நிக்கறாரு. மெஷினுக்கு ஒரு நடு வேணும். நம்ம ஏழு பேரும் பட்டையைக் கட்டிட்டு உக்காந்துட்டோம். என்னையும் டிரைவர் இன்னாசியையும் தவிர மத்த நாலு பேரும் உன் காலேஜ் சிநேகிதங்க. நீதான் போன் போட்டு இட்டாந்தே. அப்புறமா மாத்திக்கலாம்னாங்க. யாரு மாத்தினாங்க?"

அரசி புகைப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாலு பேரும் எதைப் படிப்பார்கள், யாரைத் திட்டுவார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளும் அதையேதான் படித்தாள், அவர்களையேதான் திட்டினாள். இப்போது ஆளுகிற கட்சி அன்றைக்கு ஆட்சிக்கு வரக் கூடாது என்று அந்த ஏழு பேரில் ஐந்து பேர் நினைத்தார்கள். கடையில் எடைக்கல் இல்லையென்று கடைக்காரரே தட்டில் ஏறி உட்கார்ந்த கதை.

"அந்தப் பதினொண்ணும் நாப்பத்தொண்ணும் சரியான எண்ணுதாம்மா" என்றார் கோதண்டம். "உன்னை வெச்சு எடை போட்டா அப்டித்தான் வரும்."

அரசி கோப்பை மூடிக் கொடுத்துவிட்டுத் தன் அறைக்கு வந்தாள். வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. படிவத்தை எடுத்தாள். அளவைக் கல் எண்: நடப்பு ஆண்டு. சாய்வு: முப்பத்தெட்டு. முடிவு: தேர்தல்வரை நிறுத்திவைக்கப்படுகிறது.

அடியில் 'காரணம்' என்றொரு கட்டம். படத்தை ரகசியமாக அமுக்கிவிட்டார்கள் என்று யாரும் பேசக் கூடாது என்பதற்காக, நிறுத்திய படத்தின் காரணத்தை அப்படியே அறிவிப்பாக வெளியிடச் சொல்கிறது சட்டம். எல்லாத் தாலுகா அலுவலகத்திலும், பேருந்து நிலையத்துத் திரைகளிலும், கைப்பேசிகளிலும் மூன்று நாள் ஓடும். வழக்கமாக அரசி அதில் 'நெருக்கக் காட்சி மற்றும் இசை மிகை' என்று எழுதுவாள். அதைப் படித்ததாக இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

அன்றைக்கு அந்தக் கட்டத்தோடு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். எழுதினாள், அடித்தாள், வரியை முன்னும் பின்னும் மாற்றினாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. கடைசியில் இது மிஞ்சியது:

'கொம்பனூர் முத்துப்பேச்சியிடம், மதகுச் சாவி அன்று அவர் கணவரிடம் இருந்ததா என்று கேட்கப்படுகிறது. அவர் ஐம்பத்திரண்டு விநாடிகள் பேசவில்லை. பிறகு, சாவியை முந்தைய மாதமே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொல்கிறார். பார்த்த இருபது பேரில் பதினெட்டுப் பேர் நம்பினார்கள். ஆகவே படம் நிறுத்தப்படுகிறது.'

கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் பேருந்து நிலையங்களில் ஜனங்கள் திரைக்கு முன் நின்று படிக்கத் தொடங்கினார்கள். ஐம்பத்திரண்டு விநாடி பேசாமல் இருப்பது எவ்வளவு நேரம் என்று டீக்கடைகளில் வாயை மூடிக்கொண்டு எண்ணிப் பார்த்தார்களாம். மூன்றாம் நாள் யாரோ கொம்பனூர்க் கல்வெட்டில் பெயிண்டால் பதினோராவது பெயரை எழுதிவிட்டார்கள். அழிக்கப் போனவர்களை ஊர் விடவில்லை. ஜெபராணி போன் செய்தாள்.

"படத்த நிறுத்திட்டீங்களேன்னு உங்கள வைதுட்டே இருந்தேன் மேடம். முத்துப்பேச்சி அக்கா உங்களக் கேக்கச் சொல்லுதா, கல்வெட்டுல பேரு எழுதுனது நெலைக்குமான்னு."

"தெரியலைம்மா" என்றாள் அரசி. அதுவும் உண்மைதான்.

நாலாம் நாள் நிலையத்தின் தலைவர் வேதநாயகம் அவள் அறைக்கே வந்துவிட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி. நேர்மையானவர், அந்த நேர்மையை அடிக்கடி நினைவுபடுத்தவும் செய்வார். பின்னால் கோதண்டம் ஒரு தாளோடு வந்தார்.

"நம்ம நோட்டீஸ் மேலயே புகார் வந்திருக்கும்மா. நிலையமே பிரச்சாரம் பண்ணுதுன்னு. அதனால அதையும் எடை போடச் சொன்னேன். கல்லுங்க செய்தியே பாக்காதவங்க, வசதியாப் போச்சு. கோதண்டம், சொல்லுங்க."

"பாதிப் பேரு நோட்டீஸைப் பார்த்துப் படிச்சாங்க சார், பாதிப் பேருக்கு மெஷின் குரல்ல வாசிச்சோம். படம் பார்த்தவங்க யாரையும் சேர்க்கலை. ரெண்டு பக்கமும் அம்பத்திநாலு நகந்தாங்க. சாய்வுன்னா வித்தியாசம்தானே. அம்பத்திநாலுல அம்பத்திநாலு போனா சுழி."

"சுழி" என்றார் வேதநாயகம், ஒரு பெரிய பாரம் இறங்கியவர்போல. "வெறும் வாசகத்துக்குச் சாய்வு கிடையாதுன்னு சட்டமே சொல்லுது. புகாரைத் தள்ளிடறேன். ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும்மா. இது சட்டத்துக்காகக் கேக்கலை, எனக்காகக் கேக்கறேன். ஜனங்க மனசு மாறணும்னு நினைச்சு வேணும்னே நீங்க இப்படி எழுதலையே?"

அரசி பதில் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. மேசையைப் பார்த்தாள். அங்கே சாப்பாட்டு டப்பா இருந்தது. அவர் தலைக்கு மேல் சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒல்லிப் பெண் நினைவுக்கு வந்தாள். வரியை முன்னும் பின்னும் மாற்றிப் போட்ட அந்தப் பகல் முழுவதும் நினைவுக்கு வந்தது. கோதண்டம் தாளை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இல்லை சார்" என்றாள்.

வேதநாயகம் மெல்லத் தலையாட்டினார். அவர் கண்கூடக் கொஞ்சம் கலங்கியிருந்தது.

"நம்பறேன்மா. முப்பது வருஷம் சாட்சிக் கூண்டுல நிக்கறவங்க மூஞ்சியைப் பார்த்தவன் நான். பொய் சொல்றவன் பட்டுனு பதில் சொல்லிடுவான். நீங்க யோசிச்சீங்க பாருங்க, அது போதும் எனக்கு."

அவர் போன பிறகும் கோதண்டம் நின்றுகொண்டிருந்தார். கையிலிருந்த தாளை அவள் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அரசி கதவைச் சாத்திவிட்டு வந்து கொம்பனூர்ப் படத்தை ஏற்றினாள். முத்துப்பேச்சியின் கை நிற்கிற இடத்துக்குப் போனாள். கோழி குறுக்கே போயிற்று. முத்துப்பேச்சி தரையைப் பார்த்தாள். அரசி அந்த முகத்தை ஐம்பத்திரண்டு விநாடியும் இமைக்காமல் பார்த்தாள். முன்பு மூன்று தடவையும் பார்த்த அதே முகம்தான். சற்று முன் தானும் இப்படித்தான் கீழே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 'இல்லை சார்' என்று சொன்னது நினைவுக்கு வந்தது. இந்தத் தடவை தொண்டை அடைக்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து போட்டுப் பார்த்தாள்.